வாளியில் அள்ளிய கடல்

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கவிதையில் கடல் மாறாத ஒன்றாக வருகிறது. மனிதர்கள் வந்து போகிறார்கள், கரைகூடத் தேய்கிறது, கடல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சிறுபத்திரிகையில் வெளியாயிற்று. இரண்டு நண்பர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாமவர், "கடல் மாறலேன்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். படிமத்தைத் தகவலாகப் படிக்கிறார் என்று எனக்கு எரிச்சல். பதில் சொல்லவில்லை.

சமீபத்தில், கடலின் வெப்பத்தை எப்படி அளந்தார்கள், அதிலிருந்து வருங்காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று படிக்க நேர்ந்தது. அந்தக் கேள்வி திரும்ப வந்தது. இம்முறை ஒதுக்க முடியவில்லை.

அளந்தவர்கள் பெரும்பாலும் மாலுமிகள். ஓடும் கப்பலிலிருந்து வாளியைக் கயிற்றில் இறக்கி, நீரை மொண்டு, அதில் தெர்மாமீட்டரை வைத்துப் படித்துக் குறிப்பேட்டில் எழுதினார்கள். மரவாளி போய்க் கித்தான் வாளி வந்தது. ஈரக் கித்தானில் காற்றுப் பட்டால் உள்ளே இருக்கும் நீர் குளிர்ந்துவிடும். நம் மண்பானை செய்கிற வேலைதான். பிறகு எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரையே அளக்கத் தொடங்கினார்கள். அது எஞ்சின் அறைச் சூட்டில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

உலகக் கடல்பரப்பின் வெப்பப் பதிவுகளில் 1945-ல் சுமார் 0.3 டிகிரி சரிவு ஒன்று உண்டு. கடல் திடீரென்று குளிர்ந்ததுபோல் இருக்கும். 2008-ல்தான் அது தெளிவாயிற்று. யுத்தத்தின்போது பதிவுகளில் சுமார் 80 சதவீதம் அமெரிக்கக் கப்பல்களுடையவை. அவை எஞ்சின் நீரை அளந்தவை. 1945 ஆகஸ்டுக்குப் பிறகு வாளியைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. கடலில் எதுவும் நேரவில்லை, அளந்த கை மாறியிருந்தது. ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எழுதியவனின் கைப்பிழையைக் கழித்த பிறகே மூலம் என்ன சொல்கிறது என்று பேச முடியும். கணிப்பு என்கிற காரியத்தில் பாதி, இப்படிப் பழைய சாட்சிகளை விசாரிப்பதுதான்.

மறுபாதியை ஜெர்மானியரான கிளாவுஸ் ஹாஸல்மன் 1976-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பார்த்தேன். நீரில் மிதக்கும் துகளைக் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இடித்து அலைக்கழிப்பதை 1905-ல் ஐன்ஸ்டீன் விளக்கினார். ஹாஸல்மன் கடலை அந்தத் துகளின் இடத்தில் வைத்தார். இடிப்பவை அன்றாடக் காற்றும் மழையும் வெயிலும். ஒவ்வொரு இடியும் அற்பமானது. ஆனால் கடல் அவற்றைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. வளிமண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம், கடலின் மேல்மட்ட நீரில் சுமார் 3 மீட்டரை ஒரு டிகிரி சூடேற்றத்தான் போதும். ஆழம் கூடக்கூட ஞாபகமும் கூடுகிறது. எனவே குறிப்பான காரணம் ஏதும் இல்லாமலே கடலின் வெப்பம் வருஷக்கணக்கில், பத்தாண்டுக்கணக்கில் ஏறி இறங்க முடியும். அந்த இலக்கற்ற அசைவு எவ்வளவு என்று தெரிந்தால்தான், அதற்கு மேல் எஞ்சியிருப்பதை மனிதனின் செய்கை என்று சொல்ல முடியும். 2021-ல் ஹாஸல்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த ஞாபகம் எவ்வளவு நீளம் என்பதற்குச் சான்று ஒரு பழைய கப்பலிலிருந்து வந்தது. 1872 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 'சாலஞ்சர்' 1876 மே மாதம் திரும்பியது. சணல் கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி மைல்கணக்கான ஆழத்துக்கு இறக்கி அளந்தார்கள். இன்று ஆர்கோ மிதவைகள் பத்து நாளைக்கு ஒருமுறை 2000 மீட்டரிலிருந்து மேலே வந்து செய்தி அனுப்புகின்றன. இரண்டையும் 2012-ல் ஒப்பிட்டபோது, மேல் 700 மீட்டர் நீர் சராசரியாக 0.33 டிகிரி சூடாகியிருந்தது. இது எதிர்பார்த்ததுதான். 2019-ல் வந்த இன்னொரு ஆய்வு, பசிபிக்கின் ஆழம் இன்னும் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று கணித்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன், 'சிறு பனியுகம்' என்று சொல்லப்படுகிற காலத்தில் மேற்பரப்பில் இருந்த குளிர், இப்போதுதான் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. சாலஞ்சரின் அளவுகளோடு ஒப்பிட்டபோது அப்படித்தான் இருந்தது. சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில் 0.02 முதல் 0.08 டிகிரி வரை குறைவு.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் குளிரைப் பட்டவர்கள் யாரும் இப்போது இல்லை. அது மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் நம்முடைய சூடு இறங்குகிறது. நாம் எரித்ததால் பூமியில் சேர்ந்த அதிக வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலில்தான் இருக்கிறது. இன்றோடு எரிப்பதை நிறுத்தினாலும் ஆழம் பல நூற்றாண்டுகள் சூடாகிக்கொண்டிருக்கும், நீர் விரிந்து மட்டம் ஏறும். ஒரு டிகிரி சூட்டுக்குக் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தை ஏந்த முடியும். அது பெருமழையாக இறங்கும். எந்த ஊரில், எந்த நாளில் என்று யாராலும் இவ்வளவு முன்கூட்டிச் சொல்ல முடியாது, சொல்வதாக அவர்களும் பாசாங்கு செய்வதில்லை. ஆருடக்காரனுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இது. தங்கள் பிழையின் அளவையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கிறார்கள்.

கடலை நித்தியத்தின் குறியீடாக வைத்தபோது நான் எந்தப் பிழையையும் எழுதிவைக்கவில்லை. அது என் அனுபவமும் அல்ல. கரையில் நின்றவன், கைக்கு வசதியாக அகப்பட்ட ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன். மாறாத ஒன்று வெளியே இருக்கிறது என்ற ஆறுதல் எனக்கு வேண்டியிருந்தது. கடல் மேல் ஏற்றிவிட்டேன். நாம் ஏற்றியதையெல்லாம் அது வாங்கிக்கொள்கிறது என்பது மட்டும் அதில் உண்மை.

தொகுப்பு ஒன்று போடலாம் என்று பழையவற்றை எடுத்தபோது அந்தக் கவிதையைத் திருத்திப் பார்த்தேன். 'மாறாத' என்ற சொல்லை எடுத்தால் மற்ற வரிகள் நிற்கவில்லை. விட்டுவிட்டேன். அந்த நண்பருக்கு, நீங்கள் கேட்டது சரி என்று கடிதம் எழுதினேன். பதில் வந்தது. விசாரிப்புகள் எல்லாம் இருந்தன. எந்தக் கவிதை என்று அவருக்கு ஞாபகம் இல்லையாம்.