வெளிச்சம் படாத மஞ்சள்

அம்மாச்சியின் காலில் சர்க்கரைப் புண். மஞ்சளைக் குழைத்து அப்பி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். "மஞ்சளுக்கு அடங்காத புண்ணு உண்டாடா?" கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நாலு வருடம் கழித்து, ஆய்வகத்தில் என் கையில் அதே மஞ்சளின் சாயம், குர்குமின். தண்ணீரில் லேசில் கரையாது. எத்தனாலில் கரைத்து ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளோடு கலந்தேன். நீல ஒளி பட்டால் குர்குமின் அதை உறிஞ்சிப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை உசுப்பிவிடும். அது கிருமியின் சவ்வைச் சிதைக்கும். சாயமும் வெளிச்சமும் சேர்ந்தால் நுண்ணுயிர் சாகும் என்பதை 1900லேயே ம்யூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் எழுதிவிட்டார்.

மறுநாள் காலை பார்த்தேன். ஒளி பட்ட தட்டு ஏறக்குறைய வெறுமை. அதே அளவு குர்குமினோடு, அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வைத்திருந்ததன் தட்டில் கிருமிகள் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. அந்த வேட்டித் துணிதான் ஞாபகம் வந்தது.

கட்டை அவிழ்த்து வெயிலில் காட்டியிருந்தால் ஆறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. சமையல் மஞ்சள்தூள் சுத்தமான மருந்தல்ல. சர்க்கரைப் புண்ணில் ரத்த ஓட்டமும் குறைவு. ஈ.கோலை மாதிரி வெளிச்சவ்வு கொண்ட கிருமிகள் இந்த ஒளிக்கும் எளிதில் மசிவதில்லை.

போனில் சொன்னேன்.

"அப்ப மஞ்சள் வேலை செய்யுதுங்குற?"

"செய்யுது அம்மாச்சி, ஆனா..."

"அந்த ஆனாவை நீயே வச்சுக்க."