வளவுத் தென்னையின் நோயறிதல்

வாயில்லா உயிர்களுள் மனிதனுக்கு மிக அணுக்கமாக வாழ்வது வளவில் நிற்கும் தென்னை எனலாம். கிணற்றடியிலிருந்து வழிந்தோடும் நீரை உண்டு அது வளர்கிறது. அதன் காய் கறிக்கும், ஓலை வேலிக்கும், பொச்சு அடுப்புக்கும் உதவுகின்றன. இத்துணை அண்மையில் நின்றும், அது நோயுற்ற செய்தி வீட்டாருக்குப் பெரும்பாலும் காலந்தாழ்த்தியே எட்டுகிறது. கண்ணுக்குப் புலனாகும் குறி ஒன்றாகவும், அதனை விளைத்த காரணம் பிறிதொன்றாகவும் அமைந்துவிடுதலே இதற்கு ஏது.

ஓலை மஞ்சளித்தல் இதற்கு முதற் சான்று. முதிர்ந்த ஓலைகள் மட்டும் நுனியிலும் ஓரங்களிலும் மஞ்சளித்துக் காயுமாயின் பொற்றாசியக் குறைபாட்டை ஐயுறலாம். முதிர்ந்த ஓலையில் வெயில் படும் பகுதி மஞ்சளித்து, நிழலிலுள்ள பகுதி பசுமையாகவே இருக்குமாயின் மகனீசியம் போதவில்லை எனக் கருதலாம். இவை பசியேயன்றித் தொற்றல்ல. தக்க உரம் பெற்றாற் படிப்படியாக நீங்குவன. ஆனால், 2006 ஆம் ஆண்டில் மாத்தறை மாவட்டத்து வெலிகமவில் அறியப்பட்ட ஓலை வாடல் நோயிலும் மஞ்சளிப்பு உண்டு. அங்கு ஓலைகள் வலுவிழந்து தொய்கின்றன. அதற்கு மருந்தில்லாமையால் நோயுற்ற மரங்கள் வெட்டி அகற்றப்பட்டன. ஒரே நிறம் ஓரிடத்தில் உரத்தையும் மற்றோரிடத்திற் கோடரியையும் வேண்டி நிற்கிறது.

ஓலையின் மேற்புறம் கரி பூசியது போலக் கறுத்தலும் இத்தகையதே. அக்கறுப்பு ஒருவகைப் பங்கசு. ஆயினும் துன்பத்தின் தொடக்கம் அதுவன்று. மேலேயுள்ள ஓலையின் அடிப்புறத்தில் இருந்து சாறுறிஞ்சும் வெண்ணீக்கள் சிந்தும் இனிப்பு நீரின் மீதே அது படர்கிறது. கறுத்த ஓலையைக் கண்டவர் அதற்கு மேலுள்ள ஓலையை அண்ணாந்து பார்த்தல் வேண்டும். குரும்பட்டி உதிர்ந்தால் வறட்சியென்றே பலரும் கொள்வர். உதிர்ந்ததை எடுத்து, தொப்பியின் ஓரத்தில் வெளிறிய முக்கோண வடிவத் தழும்பு உண்டா எனப் பார்ப்பவர் சிலரே. உண்டாயின் அது 1997 இல் கற்பிட்டிப் பகுதியில் முதன்முதல் அறியப்பட்ட, வெறுங்கண்ணுக்குத் தோன்றாத சிற்றுண்ணியின் வேலையாகும்.

வண்டுகளிரண்டும் இவற்றினும் கொடியன. கருவண்டு விரியாத குருத்தைத் துளைத்து உண்கிறது. அக்குருத்து விரியும்போது ஓலை கத்தரிக்கோலால் ஆப்பு வடிவில் நறுக்கியது போலத் தோன்றும். இவ்வண்டு வெளியே திரிந்து கேடு செய்வது. கம்பியாற் குத்தி எடுக்கத்தக்கது. செவ்வண்டோ, மரத்திலுள்ள காயங்களில் முட்டையிட்டுச் செல்கிறது. அதன் குடம்பிகள் தண்டின் உள்ளிருந்து தின்கின்றன. வெளியே மரம் செழித்து நிற்க, உள்ளே அது கூடாகிவிடும்.

வடமராட்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வளவில், எட்டாண்டுத் தென்னையொன்றின் அடித்தண்டிற் செங்கபில நிற நீர் கசிந்தது. அயலவர் ஒருவர் உப்பிடச் சொன்னார். மற்றொருவர் இடி விழுந்த மரம் என்றார். மூன்றாமவர் சாறு வடியும் நோயென்று கூறித் தார் பூசச் சொன்னார். மூன்றாமவரின் கூற்று பொருளற்றதன்று. பேராதனையில் ஆய்வு செய்த தோமஸ் பெச் 1906 ஆம் ஆண்டில் விவரித்த அந்நோயிலும் தண்டின் வெடிப்புகளிலிருந்து இதே நிறத்து நீர் வடிந்து, காய்ந்தபின் கறுக்கும். பழுதுற்ற பகுதியைச் செதுக்கித் தார் பூசுவதே அதற்குரிய பழைய பண்டுவமுமாகும். ஆசிரியர் அன்றைக்கு எதனையும் பூசவில்லை. ஊர் அடங்கிய இரவு வேளையில் தண்டின்மீது காதை வைத்துக் கேட்டார். உள்ளே நறுநறுவென்று அரைக்கும் ஒலி எழுந்தது. விடிந்தபின் நோக்கியபோது, கசிவின் நடுவே சிறு துளையும், அதில் மென்று தள்ளிய நார்ச்சக்கையும் இருந்தன. தார் பூசியிருந்தால் துளை மறைந்திருக்குமேயன்றிப் புழு மாண்டிராது.

எனினும் அம்மரம் பிழைக்கவில்லை. குருத்து ஏற்கெனவே அழுகி, இழுத்த கையோடு வந்துவிட்டது. மகள் பிறந்த ஆண்டில் நட்ட மரத்தை வெட்டுவிக்க அவர் மூன்று நாள் தயங்கினார். பின்னர் வெட்டுவித்ததோடு நில்லாது, தண்டைப் பிளந்து, புழுவும் கூட்டுப்புழுவும் அடங்கிய பகுதி முழுவதையும் எரிப்பித்தார். அவ்வாறன்றி வேலியோரத்தில் உருட்டிவிட்டிருந்தால் அதிலிருந்து வெளிப்படும் வண்டுகள் அயல் வளவு மரங்களையே நாடியிருக்கும். எஞ்சிய தண்டு உக்கியபின் கருவண்டுக்கும் இருப்பிடமாகியிருக்கும்.

செவ்வண்டுக்கு வாசலைத் திறந்து கொடுப்பது பெரும்பாலும் மனிதன் கையே என்பது நோக்கற்பாலது. ஏறுவதற்கெனத் தண்டிற் கொத்தும் படி, கொடி கட்ட அறையும் ஆணி, பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டும் கத்தி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காயம். மட்டை வெட்ட நேர்ந்தால் அடியிலிருந்து மூன்று நான்கு அடி விட்டு வெட்டுதல் வேண்டும். தண்டிற் காயம் பட்டால் அன்றே தார் பூசுதல் வேண்டும். தார் காக்கும் பொழுது அதுவே. புழு புகுந்தபின் அன்று.

அவ்வாசிரியர் மரத்தை எரித்த மாலையில் அயல்வீட்டுப் படலையைத் தட்டினார். தம் வளவில் நோய் வந்ததைச் சொல்லுதல் மானக்குறைவென எண்ணுவோர் உளர்; அவர் அவ்வாறு எண்ணவில்லை. உப்பிடச் சொன்ன அந்த அயலவரும் அவருமாக, அங்கு நின்ற ஐந்து இளந்தென்னைகளின் தண்டுகளிலும் ஒவ்வொன்றாகக் காதை வைத்துக் கேட்டனர்.