அக்கா கேட்ட கேள்வி

என் அக்கா வியாசர்பாடியில் இருக்கிறாள். நான் அடையாற்றில் இருக்கிறேன். நடுவில் இருக்கும் தூரம் பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் வருஷத்துக்கு நாலு தடவை போனால் அதிகம். போனாலும் கால்மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. ஒரு டம்ளர் காப்பி. இழுப்பு எப்படி இருக்கிறது என்ற விசாரணை. "எங்களோடு வந்து இருந்துவிடேன்" என்று நான் சொல்வது. "பார்க்கலாம்டா" என்று அவள் சொல்வது. இவ்வளவும் முடிந்து நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது கடிகாரத்தைப் பார்த்தால் சரியாகப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

சென்ற மாதம் அப்படி இல்லை. முழுசாக நாலு மணி நேரம் அவள் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டேன், பாயில் படுத்துக்கூடத் தூங்கினேன். பாசம் திடீரென்று பெருகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். காரில் மின்சாரம் தீர்ந்து போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

என் மாப்பிள்ளை போன வருஷம் மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். அவர் வாங்கியது கார் என்பதைவிட ஒரு கொள்கை என்று சொல்வதே பொருந்தும். வீட்டுக்கு யார் வந்தாலும் வண்டியின் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போய், "பாருங்கள், புகைக் குழாயே கிடையாது" என்று காட்டுவார். நானும் பக்கத்தில் நின்று, ஏதோ நானே அதைக் கண்டுபிடித்தவன் போலத் தலையை ஆட்டுவேன். எங்கள் தெருவில் இப்படி ஏழெட்டுக் கார்கள் வந்துவிட்டன. ராத்திரி பத்து மணிக்கு ஒவ்வொன்றாக வயரை மாட்டிக்கொண்டு, தொழுவத்துப் பசுக்கள் மாதிரி நிற்கும். காலையில் வயிறு நிறைந்திருக்கும். தெருவில் சத்தமில்லை, நாற்றமில்லை. சுற்றுப்புறத்துக்கு நம்மால் ஆன கைங்கரியம் என்று எனக்கும் உள்ளூர ஒரு கர்வம்.

அன்றைக்குத் திருத்தணியில் கல்யாணம். இழுப்பு அதிகமாக இருந்ததால் அக்கா வரவில்லை. அவளுக்குப் பட்சணம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று செங்குன்றம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தோம். மாதவரம் தாண்டியதும் மாப்பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். கண்ணாடித் திரையில் 9 சதவிகிதம் என்று சிவப்பு எழுத்தில் தெரிந்தது.

"பக்கத்திலேயே ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கு, மாமா. போன்ல காட்டுது" என்றார்.

இருந்தது; போன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் முகத்தில் விளக்கு எரியவில்லை. வாயில்காப்பவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே, "ஒரு வாரமா இப்படித்தான் சார்" என்றார். பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் இல்லையென்றால் பலகை தொங்கவிடுவார்கள். இங்கே அந்த மரியாதை இன்னும் ஏற்படவில்லை. அடுத்த இடத்தில் விளக்கு எரிந்தது. ஆனால் முன்னால் இரண்டு கார்கள். மாப்பிள்ளை என்னை அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வரிசையில் நிற்கப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து, வயரை மாட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுக்க ஆட்டோவில் வந்து இறங்கினார்.

அக்கா அவருக்கு மோர் கொடுத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, "கார்ல கரண்டு ஏத்தினாத்தான் ஓடுமாமே. அந்தக் கரண்டு எங்கேருந்து மாப்பிள்ளை வருது?" என்று கேட்டாள்.

"கிரிட்லேருந்து, அத்தை."

"அது எந்த ஊரு?"

மாப்பிள்ளை சிரித்தார், நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் நிஜமாகவே ஊர் பெயரைத்தான் கேட்டாள்.

அந்தச் சமயத்தில் மீன்காரம்மாள் ஒருத்தி கூடையை இறக்கித் திண்ணையில் உட்கார்ந்தாள். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து முப்பது வருஷமாக இந்தத் தெருவுக்கு வருகிறவள். அக்கா எனக்காக ஆற்று இறால் இருக்கிறதா என்று விசாரித்தாள். "ஆத்து எறாலா? நல்லா கேட்ட போ! மின்ன எல்லாம் தண்ணில எறங்கி கையால தடவியே புடிப்போம். இப்ப கால வெச்சா சேறு இல்லக்கா, சாம்பலு" என்றாள் அவள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கத்தரிக்காய் விலை ஏறிவிட்டது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். கூடையில் இருந்தது கடல் மீன்தான். அதை வாங்கிக்கொண்டோம்.

அக்கா குழம்புக்குப் புளி கரைக்கப் போனாள். நான் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்பார்கள். இது அப்படியொன்றும் கஷ்டமான கணக்கில்லை.

மாப்பிள்ளையின் கார் முழு வயிறு நிரம்ப 30 யூனிட் பிடிக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி எரிகிறது. ஆக 30 யூனிட்டுக்கு இருபது கிலோவுக்குக் குறையாது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். அதாவது முழுவதும் நிலக்கரி மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், எங்கள் கார் ஒரு தடவை வயிறு நிரம்பும்போது எங்கேயோ ஓரிடத்தில் ஆறேழு கிலோ சாம்பல் விழுகிறது. அக்காவிடம் சொன்னேன். "அந்தக் காலமாயிருந்தா ஒரு மாசம் பாத்திரம் தேய்க்கலாம்" என்றாள்.

அடுத்தது கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளிவருகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் கிலோமீட்டருக்குச் சுமார் 150 கிராம் விடுகிறது. இந்தியாவில் காற்று, வெயில், நீர், அணு, நிலக்கரி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 700 கிராமுக்குச் சற்று மேல். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் ஆறு கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே கிலோமீட்டருக்கு 120 கிராம். ஐந்தில் ஒரு பங்கு லாபம். நிலக்கரி மின்சாரம் மட்டும் என்றால் யூனிட்டுக்கு ஒரு கிலோவை நெருங்கிவிடும். அப்போது லாபம் ஒன்றும் இல்லை. காற்றாலை மின்சாரம் என்றால் ஏறக்குறைய முழுவதும் லாபம். ஒரே கார், ஒரே வயர். மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

மறுமுனையில் இருப்பது என்ன என்று அக்காவின் பாஷையில் கேட்டால், அதற்கு ஊர் பெயர் உண்டு. அது எப்போதும் வடக்கே இருக்கிற ஊர். சென்னைக்கு மின்சார வண்டி புதிதல்ல; 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது, 1953-ல் நின்றது. பட்டணத்துக்கு விளக்கேற்ற நூறு வருஷத்துக்கு முன்பே பேசின் பிரிட்ஜில், அதாவது வியாசர்பாடிக்கு அடுத்த வாசலில், நிலக்கரி மின் நிலையம் வைத்தார்கள். அது மூடப்பட்ட பிற்பாடு 1996-ல் அங்கே 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம் வந்தது. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் தொடங்கியது. 2017-ல் அதுவும் ஓய்ந்தது. அதற்குள் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் ஓட ஆரம்பித்து 1,830 மெகாவாட்டுக்கு வளர்ந்திருந்தது. பக்கத்திலேயே வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். மின் நிலையம் இடம் மாறியதே தவிரத் திசை மாறவில்லை. கொசஸ்தலையாற்றில் அனல்மின் சாம்பல் படிந்த சங்கதி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரையில் போய் வந்த சமாசாரம். மீன்காரம்மாள் தீர்ப்பாயத்துக்குப் போனவளல்ல. காலை வைத்துப் பார்த்தவள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இதே வீட்டில் அம்மா வேட்டியைக் கொடியில் உலர்த்திவிட்டு, எடுக்கும்போது உதறுவாள். கரித்தூள் பறக்கும். அது ரயில் எஞ்சினின் கரியா, எந்தச் சிம்னியின் கரியா என்று நாங்கள் கேட்டதில்லை. வெயில் அடிப்பது போல அதுவும் ஊரின் சுபாவம் என்று நினைத்தோம். வேலை கிடைத்ததும் நான் தெற்கே போனேன். அக்கா இருந்துவிட்டாள். எங்கள் தெருவில் புகையை ஒழித்துவிட்டோம் என்று நான் கர்வப்பட்டுக்கொண்டிருந்தேனே, அதை ஒழிக்கவில்லை. அக்கா இருக்கும் திசையில் தள்ளிவிட்டிருக்கிறோம் என்பது பத்திரிகையின் பின்பக்கத்தில் தெரிந்தது. அதை அவளுக்கு வாசித்துக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

ஆனாலும் கணக்கை அவ்விடத்திலேயே நிறுத்தினால் அது அரைக் கணக்கு. "பார்த்தாயா, மின்சாரக் காரும் மோசம்தான்" என்று பெட்ரோல் கார்க்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். பெட்ரோலும் ஆகாயத்திலிருந்து சொட்டுவதில்லை. இந்தப் பக்கத்தின் சுத்திகரிப்பு ஆலை மணலியில் இருக்கிறது, அதுவும் வடக்கேதான். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் பூசியதைப் படங்களில் பார்த்தோம். பெட்ரோல் ஊற்றினாலும் வடக்கே செலவு. மின்சாரம் ஏற்றினாலும் வடக்கே செலவு. ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. பெட்ரோல் என்றைக்கும் பெட்ரோல்தான். மின்சாரம் இன்றைக்கு நிலக்கரியாக இருந்தாலும் நாளைக்கு முப்பந்தல் காற்றாக இருக்கலாம். அதற்காகக் காரை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு நியாயமும் உண்டு. அதைச் சொன்னவள் அக்காவே. 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பஸ் டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட ஆரம்பித்தன. "படி தாழ்வா இருக்குடா, முழங்கால் நோகலே. பின்னால வந்து நின்னாலும் மூஞ்சியிலே புகை அடிக்கலே" என்றாள். அந்த பஸ்ஸுக்கும் கணக்குப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் வேண்டும். கரியமில வாயுவில் டீசல் பஸ்ஸுக்கும் அதற்கும் இன்றைய நிலையில் ஏறக்குறையச் சரிக்குச் சரிதான். ஆனால் டீசல் புகை மூக்குக்கு நேரே வருகிறது. இழுப்புக்காரிக்கு அது சின்ன வித்தியாசமல்ல. கரியமில வாயு உலகத்தின் கவலை. பஸ் புகை அக்காவின் நெஞ்சு. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது.

ஆகவே காரை விற்றுவிடுவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எப்போது ஏற்றுகிறோம், எதிலிருந்து ஏற்றுகிறோம் என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் வைகாசியிலிருந்து புரட்டாசி வரையில் கணவாய்களின் வழியே காற்று அடித்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. நடுப்பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. நாங்களோ சூரியன் போன பிறகு, காற்றும் இல்லாத மாதங்களில்கூட, ராத்திரி பத்து மணிக்கு வயரை மாட்டுகிறோம். அந்த நேரத்தில் பாரத்தைத் தூக்குவது பெரும்பாலும் நிலக்கரிதான். மத்திய மின்சார அமைச்சகம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், காலை 9 முதல் மாலை 4 வரை பொது நிலையங்களுக்கு மின்சாரக் கட்டணத்தைக் குறைத்தும் மற்ற நேரத்தில் கூட்டியும் வாங்கச் சொல்லியிருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் பகலில் ஏற்ற வேண்டுமானால் பகலில் கார் நிற்கும் இடத்தில், ஆபீசில், கடைவீதியில், ரயில் நிலையத்தில், விளக்கு எரிகிற சார்ஜர் இருக்க வேண்டும். "ஒரு வாரமா இப்படித்தான் சார்" என்கிற சார்ஜர் ஒவ்வொன்றும் ஒரு காரை ராத்திரி நிலக்கரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

பாட்டரிக்கு வேண்டிய லித்தியத்துக்காக எந்தத் தேசத்திலோ மண்ணைக் கிளறுகிறார்கள். அந்த ஊர் அக்காக்களை நான் அறியேன். பழைய பாட்டரியைத் தயாரித்தவர்களே திரும்பப் பெற்றுப் பக்குவப்படுத்த வேண்டும் என்று 2022-ல் சர்க்கார் விதி செய்திருக்கிறது. அதையும் யாராவது விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால்தான் நடக்கும்.

சாப்பாடு ஆயிற்று. நான் பாயில் படுத்துவிட்டேன். அடுத்த அறையில் அக்காவின் மூச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே இழுக்கும்போது சன்னமாக ஒரு விசில். கால்மணி நேரத்தில் எழுந்து போகிறவன் காதில் அது விழ நியாயமில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மூன்றரை மணிக்கு மாப்பிள்ளை காரைக் கொண்டுவந்தார். 92 சதவிகிதம். புறப்படும்போது என் வழக்கமான அழைப்பை நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "இனிமேல் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பகல் இங்கே வந்துதான் சார்ஜ் பண்ணப் போகிறோம்" என்றேன். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். கணக்குப் போட்ட பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கரண்டுக்காகத்தான் வர்றியா?" என்று கேட்டாள்.

அதற்கு முன் கேட்டதைப் போலவே இதற்கும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.