அறுபது நாள்

"யாருக்காவது குடுத்துடலாமாக்கா?"

இந்தக் கேள்வி முகம் பார்த்து வராது. பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்துக் கேட்பார்கள். மன்னார்குடி வட்டாரத்தில் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்க்கிறேன். "ஏம்மா இப்படிப் பேசறே" என்று அதட்டவும் கூடாது, "நல்ல முடிவு" என்று தட்டிக்கொடுக்கவும் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணை அவளுடைய அம்மா அழைத்து வந்தார். ஒரு மணி நேரம் அம்மாவே பேசினார், நான் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று அந்தப் பெண் கேட்டாள்: "இனிமே பால் யாரு குடுப்பா?" அவளிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் உடன் வந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன்.

தனியாக இருந்தால் வேறு விஷயம் வெளியே வரும். புருஷன் திருப்பூர் போய் பணம் அனுப்பவில்லை. நடவுக்குப் போனால்தான் கூலி, கைக்குழந்தையை வரப்பில் போட்டுவிட்டு வயலில் இறங்க முடியாது. இப்படிப்பட்டவளுக்கு வேண்டியது தத்து இல்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. உரிமையை விட்டுக்கொடுக்காமலே கொஞ்ச காலம் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கவும் வழி இருக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளையை இறுக்கிக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. பணத்தால் தீரும் கஷ்டத்துக்குப் பிள்ளையைப் பிரிக்க நான் துணை போக மாட்டேன்.

சிலர் தன் சொந்த அக்காவுக்கே கொடுத்துவிடுகிறேன் என்பார்கள். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பத்திரம் எழுதிப் பதிவு செய்வது நல்லது, பணம் கைமாறக் கூடாது. ஆனால் அங்கே யோசிக்க அவகாசம் என்று ஒன்று இல்லை. முறைப்படி கொடுத்தபின் ரத்து செய்ய முடியாது. காதுகுத்துக்குப் போனால் தான் பெற்றதே தன்னைச் சித்தி என்று கூப்பிடும். "அதைத் தாங்குவியா?" என்று கட்டாயம் கேட்பேன். தாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

வேறு வழியே இல்லை என்றால் ஒப்படைப்பு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின் முன்னால்தான் பத்திரத்தில் கையெழுத்து. கல்யாணமான தம்பதி என்றால் இருவரும் போட வேண்டும். ஆகாதவள் என்றால் அவள் மட்டும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அறுபது நாள் அவளுக்கு அவகாசம். அதற்குள் மனம் மாறிப் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். கேட்பது தப்பில்லை என்பதை நான் மூன்று தடவையாவது சொல்வேன், ஏனென்றால் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். நாள் கடந்தபின் குழு பிள்ளையைத் தத்துக்கு உரியதென அறிவித்துவிடும். அப்புறம் திரும்ப வழியில்லை.

"எந்த வீட்டுக்குப் போவுதுன்னு நான் பாத்துக் குடுக்கக் கூடாதா?" என்பார்கள். முடியாது. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிந்து, வீட்டு விசாரணை முடிந்து, வரிசையில் காத்திருப்பவர்களுக்கே போகும். தத்து ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். ராஜகோபால சுவாமி கோயிலில் சந்தான கோபாலனைக் கையில் வாங்கி வேண்டிக்கொள்ளும் ஊர் இது. பிள்ளையில்லாதவர் துக்கம் ஊருக்கே தெரியும். பெற்றும் வளர்க்க முடியாதவளின் துக்கத்தைத்தான் யாரும் பேசுவதில்லை.

அதனால்தான் தரகர்கள் நுழைகிறார்கள். 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியே வந்து, ஓய்வு பெற்ற நர்ஸ் உதவியாளர் ஒருவர் கைதானபோது பல நாள் எனக்குத் தூக்கமில்லை. அவரிடம் போன தாய்மார்களில் எத்தனை பேருக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை யாராவது சொல்லியிருப்பார்கள்? பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை சிறை. வாய்ப்பேச்சில் வாங்கிப் போன பிள்ளைக்கு நாளை ஒரு காகிதம்கூடக் கையில் இருக்காது.

ஒப்படைப்புப் பத்திரம் எழுதும்போது இன்னொன்றும் கேட்க வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பின் அந்தப் பிள்ளை தன் பிறப்பைத் தேடி வரலாம். தன் பெயர் தெரிய வேண்டாம் என்று தாய் இப்போதே சொல்லிவைத்தால், அவள் எழுதிச் சம்மதம் கொடுக்காமல் விவரம் வெளியே போகாது.

ஒருத்தி, அடையாளம் சொல்ல மாட்டேன், இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "வந்தா என்னக்கா கேக்கும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன். அவள் பெயரை மறைக்கச் சொல்லவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, பேரும் ஊரும் சரியா எழுதியிருக்கா, தப்பு ஒண்ணும் இல்லையே என்று இரண்டு தடவை பார்க்கச் சொன்னாள்.