ஒட்டாத தம்ளர்

பரளச்சி, வெள்ளி மாலை

ஆறாம் வகுப்பு அறிவியலில் காந்தவியல் பாடம். புத்தகத்தைத் திறக்க விடவில்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "எது ஒட்டும்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் வெச்சுப் பாருங்க" என்றேன்.

சாவி, அரிவாள், சைக்கிள் கம்பி எல்லாம் சொன்னபடி ஒட்டின. எவர்சில்வர் தம்ளர் ஒட்டவில்லை. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது. "ரெண்டும் ஒரே மாதிரிதான மினுங்குது, ஏன்க்கா?"

இரண்டும் துருப்பிடிக்காத எஃகுதான். தம்ளர் எஃகில் குரோமியத்தோடு பெரும்பாலும் நிக்கலும் சேர்ப்பார்கள். நாணய எஃகில் நிக்கல் கிடையாது. "நிக்கலும் காந்தத்துல ஒட்டும்னு புத்தகத்துல இருக்கே?" என்றாள் ஒருத்தி. எவ்வளவு நல்ல கேள்வி! தனி நிக்கல் ஒட்டும். ஆனால் இரும்போடு கலந்ததும் அணுக்கள் அடுக்கி நிற்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது. அந்தக் கேள்வி பிறக்கத்தான் காந்தம் முதலில் கைக்கு வர வேண்டும், பாடம் பிறகு வர வேண்டும் என்கிறேன்.

சனி

வீடு கட்டக் கொட்டியிருந்த ஆற்றுமணலில், காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி இழுத்தோம். பையைச் சுற்றிக் கரும்பொடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. மேக்னடைட் என்னும் இரும்புத் தாது. காந்தத்தை வெளியே உருவியதும் பொடி தாளில் உதிர்ந்தது.

ஞாயிறு

தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரே முகத்தில், ஒரே திசையில் தேய்த்தோம். சோளத்தட்டை நெட்டியில் குத்தித் தண்ணீரில் விட்டதும் தெற்கு வடக்காகத் திரும்பி நின்றது. பூமியே பெரிய காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் 1600-இல் எழுதியதைச் சொன்னேன்.

பிறகு ஊசியை நூலில் நடுவாகக் கட்டித் தொங்கவிட்டோம். ஏறக்குறைய மட்டமாகவே நின்றது. லண்டனில் இப்படித் தொங்கவிட்டால் வடமுனை நன்றாகக் கீழே சாயும். 1581-இல் ராபர்ட் நார்மன் அதைப் பதிவு செய்தார். நமக்குச் சாயாததற்குக் காரணம், ஊசி எந்தப் பக்கமும் சாயாத காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவது. 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும் அதனால்தான். "அப்ப நம்ம ஊரு நடுவுலயா இருக்கு?" என்று ஒருவன் ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்.

2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகளுக்குச் சோதனைப் பொருட்களைக் கொண்டுவருகிறது. நல்ல காரியம். ஆனால் வீட்டிலும் பிள்ளை கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். பெற்றோரே, ரேடியோ பழுது பார்க்கும் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பளபளக்கும் பொடிக் காந்த உருண்டைகள் மட்டும் வேண்டாம். குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும்.