கிண்ணத்தில் தீர்த்தம்

பெருமாள் சந்நிதியில் தீர்த்தம் பெற வலக்கையைக் குழித்து நீட்டவேண்டும். எழுபத்திரண்டு வயதான அந்த அம்மையாருக்கு அது இயலாது. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன, உள்ளங்கை குழியாது. பட்டர் வார்க்கும் தீர்த்தம் விரலிடுக்கில் வழிந்து தரையில் சிந்தும். கால்படும் இடத்தில் தீர்த்தம் விழுகிறதே என்ற வருத்தம் மூட்டுவலியைக் காட்டிலும் அவரை வாட்டியது. அதற்காகவே சில மாதங்கள் சந்நிதிக்குள் நுழையாமல், கொடிமரத்தருகே நின்று சேவித்துத் திரும்பினார்.

அவருக்கு வந்திருப்பது முடக்குவாதம். முதுமையில் மூட்டுத் தேய்ந்து வரும் வலியன்று இது. நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் காவல் சக்தியே, மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென எண்ணித் தாக்குகிறது. இரவெல்லாம் ஓய்ந்திருந்தும் விடியலில்தான் விறைப்பு மிகும். விசுவரூப சேவைக்குப் போகவேண்டுமானால் நான்கு மணிக்கே எழுந்து, வெந்நீரில் கைகளை அமிழ்த்தியிருந்து, ஒரு மணி நேரம் கழித்தே அவரால் புடவைக் கொசுவத்தை மடிக்க முடியும்.

வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை நோயை அடக்கி வைத்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் வந்தார். "பட்டத்திரியின் வாதம் நாராயணீயத்தால் தீரவில்லையா? நூறு நாள் பாராயணம் செய்யுங்கள். மாத்திரை எதற்கு?" என்றார். 16ஆம் நூற்றாண்டில் வாத நோயால் வருந்திய பட்டத்திரி, குருவாயூரப்பன் திருமுன் நாளுக்கு ஒரு தசகமாக நூறு தசகங்கள் பாடி நலம் பெற்றார் என்பர். உறவினர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனாலும் பிறர் மூட்டுக்கு யோசனை கூறுவது எளிது. அம்மையார் பாராயணத்தைத் தொடங்கினார், மாத்திரையை நிறுத்தினார். நூறாம் நாள் புத்தகத்தின் ஏட்டைப் புரட்டவும் மருமகள் வேண்டியிருந்தது. விரல்கள் சாயத் தொடங்கியது அதன் பின்னர்தான். மீண்டும் மருந்து உட்கொண்டு வீக்கம் வடிந்தது; சாய்ந்த விரல்கள் நிமிரவில்லை.

"பாராயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை அம்மா. மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்" என்று மட்டும் சொன்னார் மருத்துவர். அம்மையார் இரண்டையும் விடவில்லை.

மாத்திரைக்கு வியாழக்கிழமை. நாட்காட்டியில் ஒவ்வொரு வியாழனையும் மருமகள் வட்டமிட்டு வைக்கிறார். மறதியால் நாள்தோறும் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் ஃபோலிக் அமிலம். குறித்த காலத்தில் ஈரலையும் இரத்த அணுக்களையும் அறிய இரத்தப் பரிசோதனை. வியாழனில் ஏகாதசி வந்தால் என்ன செய்வது என்று அவர் தயங்கியபோது பட்டர்தாம் தெளிவித்தார்: விரதத்துக்குப் பங்கம் செய்யாதவை என்று சாஸ்திரம் எண்ணும் எட்டில் நீர், பால், கனி, கிழங்கு ஆகியவற்றோடு மருந்தும் உண்டு.

தீர்த்தத்துக்கும் வழி சொன்னவர் அவரே. கொடிமரத்தருகே நின்றவரிடம் வந்து, "வீட்டிலிருந்து ஒரு சிறு கிண்ணம் கொண்டுவாருங்கள் மாமி, அதிலே சாதிக்கிறேன்" என்றார்.

பேரனுக்கு முதற்சோறு ஊட்ட வாங்கிய வெள்ளிக் கிண்ணம் அது. இரு மணிக்கட்டுகளுக்கும் இடையே அதை அணைத்துப் பிடித்து நீட்டுகிறார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்கிறார்கள். பட்டர் மூன்று முறை வார்க்கிறார்.