சூப்பர்ஃபாஸ்ட்டும் பாம்பன் பாலமும்

நம் ஊர்ப் பேச்சில் 'ஃபாஸ்ட்' தமிழோடு கலந்து வெகுநாளாயிற்று. கடிகாரம் ஐந்து நிமிடம் ஃபாஸ்ட், பையன் கணக்கில் ஃபாஸ்ட், மண்டபத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸும் ஃபாஸ்ட். ரயில்வே மட்டும் இந்தச் சொல்லுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அகலப் பாதையில் இரு முனைகளுக்கும் இடையே சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டராவது வந்தால் அந்த ரயில் சூப்பர்ஃபாஸ்ட்; படுக்கை வசதி டிக்கெட்டுக்கு 30 ரூபாய் கூடுதல். ராமேஸ்வரம் வரும் சேது எக்ஸ்பிரஸ் அந்த வகை. 55 என்றதும் சிரிப்பவர்கள் உண்டு. புறவழிச்சாலையில் மோட்டார் சைக்கிளே அதைத் தாண்டும். ஆனால் அது விழுப்புரத்தில் நின்றதும் கிராசிங்குக்குக் காத்திருந்ததும் சேர்ந்த சராசரி. என்னைக் கேட்டால் ரயில்வே வகுத்த இலக்கணங்களில் நேர்மையானது இது. எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும், வழியில் எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள் என்பதை வைத்துத்தான் பயணிக்கு வேகம்.

பாம்பனே இதற்குச் சாட்சி. 1914-இல் திறந்த பழைய பாலத்தில், அதன் கடைசிக் காலத்தில், ரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 75 வரையும், தூக்குப் பகுதியில் 50 வரையும் போக ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அனுமதி தந்தார். ஏழு மடங்கு! பாலத்தின் நீளமோ இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பழைய நடையில் பன்னிரண்டு நிமிடம், இப்போது இரண்டு மூன்று நிமிடம். சென்னையிலிருந்து இரவெல்லாம் வருகிறவருக்கு மிச்சம் பத்து நிமிடம், ஒரு டீ குடிக்கிற நேரம். உண்மையான லாபம் வேறு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனது முதல், மூட்டை முடிச்சோடும் வயதான பெற்றோரோடும் வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தார்கள். இரண்டேகால் வருடம் நீடித்த அந்த இறங்கி ஏறல் ஒழிந்ததைத்தான் நான் வேகம் என்பேன். கப்பலுக்கு வழி விடுவதிலும் அதே கதை. பழைய தூக்குப் பாலத்தின் இரு இறக்கைகளையும் ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்தார்கள். இப்போது 72.5 மீட்டர் நீள இரும்புத் தூக்குப் பகுதி மின்விசையில் 17 மீட்டர் மேலே எழுகிறது.

இதைவிடப் பெரிய சாட்சி போட் மெயில் ரயில். 1914-க்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு போக, தூத்துக்குடி வரை ரயில், பிறகு ராத்திரி முழுக்கக் கப்பல். பாம்பன் பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடிக் கப்பல் துறைக்கே போனது. கடக்க வேண்டிய கடல் சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கியது. அக்கரையில் தலைமன்னாரிலிருந்து அடுத்த ரயில். கொழும்பு கிட்டே வந்தது எஞ்சினின் பலத்தால் இல்லை, ரயிலும் கப்பலும் ஒன்றையொன்று கைவிடாததால். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போய்க்கொண்டிருந்தது. 1980-களில் இலங்கைப் போர் அதை நிறுத்தியது. இன்றும் எழும்பூரிலிருந்து போட் மெயில் புறப்படுகிறது, போட் இல்லாமலே. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தும், ராமேஸ்வரத்துக்காரர் தலைமன்னார் போக நாகப்பட்டினத்துக் கப்பலையோ விமானத்தையோ தேடி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் ஓட்டத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. விருத்தாசலம் தாண்டி ரயில் பறந்தால்தான் 55 என்ற சராசரியே கிடைக்கும். இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. காற்றுக்காக ரயிலை நிறுத்துவதும் காத்திருப்புதானே, அதையும் குறை சொல்வீர்களா? மாட்டேன். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சரை நிறுத்தி வைத்திருந்தால் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் அதிலேயே போயிருக்காது. கடலோரத்தாருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்று எச்சரிக்கை வந்தால் மீன்துறை டோக்கன் தராது. டோக்கன் இல்லாவிட்டால் எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் பூட்டிய விசைப்படகும் கரையில்தான் கிடக்கும். காரணம் சொல்லி நிறுத்துவது ஒன்று; காரணம் தெரியாமல் அவுட்டரில் முக்கால் மணி நேரம் கிடத்திப் போடுவது வேறு.

அந்த இரண்டாவதைத்தான் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் கண்டுகொள்வதே இல்லை. வட மத்திய, தென் மத்திய ரயில்வேக்களில் 55-ஐ எட்டாத நாட்களிலும் அந்தக் கட்டணம் வாங்கப்பட்டதையும், திருப்பித் தர விதியே இல்லாததையும் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2017 அறிக்கை எடுத்துக் காட்டியது. வேகத்துக்கென்று பெயர் சொல்லி வாங்கிய பணத்தை, வேகம் தராத நாளில் திருப்பித் தருவதுதான் முறை. காற்றுக்காகப் பாம்பனில் நின்ற நேரத்தை ரயில்வே தாராளமாகக் கழித்துக்கொள்ளட்டும். இந்தக் கரையில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். மற்ற தாமதத்துக்கு அந்த முப்பது ரூபாய் பயணியின் கணக்குக்குத் திரும்பி வர வேண்டும்.